கவனக்குறைவு என்னும் பொய்

தொழிற்கூடங்களில் நிரப்பப்படும் விபத்து அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. மேல்நிலைப் பாரந்தூக்கியின் கீழ் ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கிய நாளன்று அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு ஒரு சொல் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றது. 'கவனக்குறைவு' என்பதே அச்சொல். அதனை எழுதியவுடன் மை உலர்கின்றது, கோப்பு மூடப்படுகின்றது, பாரந்தூக்கி மீண்டும் ஓடத் தொடங்குகின்றது. விரலை இழந்தவன் மருத்துவமனையில் கிடக்கின்றான். அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்கின்றான். அவனுடைய கையும் அதே இடத்தில்தான் இருக்கின்றது.

எழுதுபவனுக்கு இத்துணை மலிவாகவும், எழுதப்படுபவனுக்கு இத்துணைக் கொடிதாகவும் அமைந்த சொல் வேறொன்றைக் காண்பது அரிது. காயம்பட்டவனே குற்றவாளி என்று அது தீர்ப்புக் கூறுகின்றது. அத்தீர்ப்பை எழுதுபவர் பெரும்பாலும் அவனை அந்த இடத்தில் நிற்கச் சொன்னவரே. இதனைவிட வருந்தத்தக்கது யாதெனில், விரலை இழந்தவனும் அவன் குடும்பத்தாரும் அவனுடைய உறவினரும்கூட அத்தீர்ப்பை நம்பிவிடுகின்றனர் என்பதே. "கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கலாமே" என்று தாயே மகனிடம் கூறுகின்றாள். அவனும் தலைகுனிகின்றான்.

பெருவிபத்துகளை நாடு நினைவில் வைத்திருக்கின்றது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், சிங்கப்பூர் ஜூரோங்கில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த 'ஸ்பைரோஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். அதற்கு விசாரணை நடந்தது. அந்த நாள் வரலாற்றில் பதிந்தது. ஆனால், விரல்கள் ஒருங்கே போவதில்லை. ஒரு பட்டறையில் இன்றொன்று, மற்றொரு பட்டறையில் நாளையொன்று என்று தனித்தனியே போகின்றன. எனவே அவற்றுக்கு நினைவுநாள் இல்லை. அவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பது ஒரு பொய் மட்டுமே. அப்பொய்யை அகற்றுவதில் தமிழ் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் பங்கு உண்டு. ஏனெனில் அது சொல்லால் ஆன பொய். சொல்லைக் காப்பது அவர்தம் தொழில்.

'பிடி' என்னும் கட்டளை

மேல்நிலைப் பாரந்தூக்கியை அறியாத மாணவர்க்கு அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் தகும். கொட்டகையின் இரு பக்கங்களிலும் உயரத்தில் தண்டவாளங்கள் ஓடும். அவற்றின்மீது குறுக்காக ஓர் இரும்புப் பாலம் நகரும். அப்பாலத்தின்மீது ஒரு வண்டி இடமும் வலமும் செல்லும். அவ்வண்டியிலிருந்து கம்பிவடத்தில் கொக்கி தொங்கும். கீழே நிற்பவர், மேலிருந்து தொங்கும் பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்து, ஏற்று, இறக்கு, முன்னே, பின்னே என்று அதனை இயக்குவார்.

துவாஸிலும் ஜூரோங்கிலும் உள்ள கப்பல் பட்டறைகளிலும் இரும்புப் பட்டறைகளிலும் இவ்வியந்திரம் உண்டு. அங்கே தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் அதன் கீழ் நிற்கின்றனர். ஷா ஆலாமிலும் பிறையிலும் பாசிர் கூடாங்கிலும் உள்ள தொழிற்சாலைகளில், தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிற்கின்றனர். தோட்டப்புறத்தை விட்டு வெளியேறாதவர்க்கும் அது அந்நியமன்று. செம்பனை ஆலைகள் பலவற்றில், நீராவியில் வெந்த பழக்குலைகள் நிறைந்த இரும்புக் கூண்டைத் தூக்கிக் கவிழ்ப்பதும் மேல்நிலைப் பாரந்தூக்கியே. ஒரு கூண்டில் இரண்டரை டன் குலைகள்வரை இருக்கும். அதனினும் பெரிய கூண்டுகளும் உண்டு.

இனி, எந்தப் பட்டறையிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். இரும்புக் குழாய்களின் கட்டு ஒன்று தரையில் கிடக்கின்றது. எடை 2 டன். அதன் இரு முனைகளிலும் வடம் சுற்றப்படுகின்றது. தொழிலாளர் அதனைச் 'சிலிங்' என்பர். இரு வடங்களும் மேலே கொக்கியில் சேர்கின்றன. கொக்கி ஏறத் தொடங்கியதும் வடம் ஒன்று குழாயின்மீது உள்நோக்கி வழுக்குகின்றது. பெட்டியைக் கையில் வைத்திருப்பவர், "தம்பி, கொஞ்சம் பிடி" என்கின்றார். "சரிண்ணே" என்று இளைஞன் வடத்தைக் குழாயோடு சேர்த்துப் பிடிக்கின்றான். வடம் இறுகுகின்றது. விரல், வடத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கின்றது.

இங்கே கவனம் குறைந்தவன் யார்? அவ்விளைஞன் தூங்கவில்லை, வேடிக்கை பார்க்கவில்லை. சொன்ன வேலையைச் சொன்னபடி, கண்ணை வடத்தின்மீதே வைத்துச் செய்தான். அவனுடைய கவனம் முழுவதும் அந்த விரலருகில்தான் இருந்தது.

வடம் ஏன் வழுக்கியது என்று கேட்பவர் இல்லை. விடை எளிது. வடம் குட்டையாக இருந்தது. குட்டையான வடங்கள் கொக்கியிலிருந்து அகலமாக விரிந்து நிற்கும். நேராகத் தொங்கும் இரண்டு வடங்கள் 2 டன் பாரத்தைத் தூக்கினால் ஒவ்வொன்றும் 1 டன் தாங்கும். அவற்றுக்கிடையே உள்ள கோணம் 90 பாகையானால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 டன் தாங்க வேண்டும். 120 பாகையானால் ஒவ்வொன்றும் 2 டன் தாங்க வேண்டும். விரிய விரிய, வடங்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே இழுக்கும் விசையும் பெருகும். அதனால் அவை வழுக்கும். வழுக்குவதைத் தடுக்கக் கை தேவைப்படும். நீளமான வடம் ஒன்றை வாங்கியிருந்தாலோ, வடத்தை வெறுமனே தாங்கலாகப் போடாமல் சுருக்கிட்டுக் கட்டக் கற்பித்திருந்தாலோ அங்கே கைக்கு வேலையே இல்லை. ஆகவே, அந்த விரல் போனது தொழிலாளியின் கவனம் குறைந்ததால் அன்று. வடத்தின் நீளம் குறைந்ததால். அறிக்கையில் எழுதப்பட வேண்டிய காரணம் அதுவே.

கால் நொடியின் கணக்கு

"இருந்தாலும் கவனமாக இருந்திருந்தால் கையை எடுத்திருக்கலாமே" என்று கூறுவோர் உளர். அவர்க்கு விடை கூற வாதத் திறமை வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளிக் கணிதம் போதும்.

நிமிடத்துக்கு 5 மீட்டர் உயரும் கொக்கி மெதுவானதாகவே கருதப்படும். 5 மீட்டரை 60ஆல் வகுத்தால், ஒரு நொடிக்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் என்று தெரியும். கண் கண்ட ஆபத்துக்குக் கை அசையத் தொடங்க ஏறத்தாழக் கால் நொடி ஆகின்றது. இது விழிப்போடு இருக்கும் மனிதனின் கணக்கு, சோம்பேறியின் கணக்கன்று. அந்தக் கால் நொடியில் கொக்கி 2 சென்டிமீட்டர் ஏறிவிடும். மனித விரலின் பருமன் ஏறக்குறைய அவ்வளவே. தொழிலாளி கத்தி, அவர் கேட்டு, பொத்தானை விட வேண்டுமாயின் இன்னொரு கால் நொடி கழியும். இரண்டும் சேர்ந்தால் 4 சென்டிமீட்டர். விரல் இருந்த இடத்தில் அதற்குள் இடைவெளி என ஒன்று இராது.

ஆகவே, உலகிலேயே மிகுந்த கவனமுடைய மனிதனை அங்கே நிறுத்தினாலும் முடிவு அதுவே. கவனம் என்பது ஆபத்தைக் காணும் ஆற்றல். அதிலிருந்து விரலை மீட்கும் ஆற்றல் அன்று. விரலைக் காப்பது தொலைவு. வடம் இறுகும்போது கை அதன்மீது இல்லையாயின் விரல் பிழைக்கும்; இருந்தால் பிழைக்காது. இவ்வளவு எளிய உண்மையைக் 'கவனம்' என்னும் சொல் மறைத்துவிடுகின்றது.

பாரம் நகரும்போதும் நிலைமை இதுவே. பாலம் நின்றாலும் தொங்கும் பாரம் உடனே நிற்பதில்லை. ஊஞ்சல்போல் முன்னே சென்று பின்னே வரும். கொக்கி, பாரத்தின் நடுவுக்கு நேர்மேலே இல்லாமல் தூக்கப்பட்டால், தரையை விட்டதுமே அது ஒருபக்கம் பாயும். அதனைக் கையால் தடுக்க முயல்பவன், 2 டன் இரும்புக்கும் அருகிலுள்ள தூணுக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைக்கின்றான். பாரத்தை இறக்கும்போது இன்னும் கொடுமை. கீழே போட்ட அடிக்கட்டை சற்று விலகியிருக்கும். தொங்கும் பாரத்தின் அடியில் கையை நீட்டி அதனைச் சரிசெய்யச் சொல்வர். அந்த நேரத்தில் பாரம் ஒரு விரற்கடை இறங்கினால் போதும்.

இம்மூன்றுக்கும் மாற்று உண்டு. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வடம் இறுகும்முன் கையை எடுத்து, விலகி நின்று, அதன்பின் தூக்குவது ஒன்று. பாரத்தின் முனையில் ஒரு நீண்ட கயிற்றைக் கட்டித் தொலைவிலிருந்து வழிநடத்துவது இரண்டு. 'டேக்லைன்' என்று பட்டறையில் அழைக்கப்படுவது அதுவே. தள்ளவும் இழுக்கவும் நீண்ட கோலைப் பயன்படுத்துவது மூன்று. பாரம் வருமுன்பே அடிக்கட்டையை அளந்து வைத்துவிடுவதும், விலகியிருந்தால் பாரத்தை அப்பால் நகர்த்தியபின் சரிசெய்வதும் நான்கு. ஒரு கயிறு, ஒரு கோல், ஐந்து நிமிடம்: ஒரு விரலைக் காக்கத் தேவையானவை இவையே. இவற்றுள் கயிறும் கோலும் பல இடங்களில் கிடைக்கின்றன. கிடைக்காதது ஐந்து நிமிடமே.

பொத்தான் பெட்டியை ஒரு கையிலும் பாரத்தை மறு கையிலும் பிடித்து, ஒருவனே இருவர் வேலையைச் செய்யும் வழக்கத்தையும் இங்கே கூற வேண்டும். பாரத்தின் அருகிலேயே நிற்க அவனை நிர்ப்பந்திப்பது அந்த வழக்கம். இரண்டாம் ஆளின் கூலியை மிச்சப்படுத்திய கணக்கில் முதலாம் ஆளின் விரலும் செலவாகச் சேர்ந்திருப்பதைக் கணக்கர் எழுதுவதில்லை.

கையுறை என்னும் சமாதானம்

"கையுறை கொடுத்தோமே" என்பது அடுத்து வரும் சமாதானம். கையுறை நல்லதே. கம்பிவடத்தில் அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழை கையைக் கிழிக்காமலும், தகட்டின் கூரிய விளிம்பு வெட்டாமலும் தோல் கையுறை காக்கும். ஆனால், 2 டன் பாரத்தின் நசுக்கலைத் தடுக்கும் கையுறையை எவரும் தைத்ததில்லை. வடத்தில் சிக்கிய தளர்ந்த கையுறை, கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடுவதும் உண்டு.

பாதுகாப்பு அறிவியல் இதற்கு ஒரு வரிசைமுறை வகுத்திருக்கின்றது. முதலில் ஆபத்தையே நீக்குக. இயலாவிடில் ஆபத்துக் குறைந்த முறையை மேற்கொள்க. அதன்பின் கருவியமைப்பால் மனிதனை அதனின்றும் விலக்குக. அதன்பின் விதிகளையும் பயிற்சியையும் கொள்க. எல்லாவற்றுக்கும் பின்னரே கையுறையும் தலைக்கவசமும். பல பட்டறைகள் இந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கின்றன. முதல்நாளே கையுறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. அக்கையெழுத்து, கை போனபின் சான்றாக நீட்டப்படுகின்றது.

மருத்துவம் மீட்டுத்தரும் என்று நம்புவோரும் உளர். 1965ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் முற்றிலும் துண்டான கட்டைவிரலை ஒட்டிக் காட்டியது பெருஞ்சாதனைதான். ஆயினும், கத்தியால் வெட்டுண்ட விரலை ஒட்டுவது வேறு. இரும்பின் அடியில் நசுங்கிய விரலை ஒட்டுவது வேறு. நசுங்கிய விரலில், ஒட்டுவதற்கு வேண்டிய நுண்ணிய குருதிக் குழாய்களே சிதைந்துவிடுகின்றன. பாரந்தூக்கி பறிப்பதை மருத்துவர் மீட்டுத் தருவது அரிது.

88 என்னும் எண்

கவனக்குறைவு என்னும் பொய்க்கு அறிவியல் ஆடை அணிவித்தவர்களும் உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிக் என்பவர் 1931இல் தொழில் விபத்துகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விபத்துகளுள் நூற்றுக்கு 88, மனிதரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்வன என்றும், 10 பாதுகாப்பற்ற சூழலால் நேர்வன என்றும், 2 தவிர்க்க இயலாதன என்றும் அவர் கணித்தார். அந்த 88 என்னும் எண் பல்லாண்டுகள் உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் வேதவாக்காக ஓதப்பட்டது.

அவர் அவ்வெண்ணை எங்கிருந்து பெற்றார்? காப்பீட்டு நிறுவனக் கோப்புகளிலிருந்தும் தொழிற்சாலைப் பதிவுகளிலிருந்தும் பெற்றார். அத்தகைய பதிவுகளை எழுதுவோர் மேற்பார்வையாளர், காயம்பட்டோர் அல்லர். விபத்துக்குக் காரணம் தொழிலாளி என்று மேற்பார்வையாளர் எழுதுகின்றார். அதனை ஆய்வாளர் எண்ணுகின்றார். அந்த எண்ணை அடுத்த மேற்பார்வையாளர் படித்து, மீண்டும் தொழிலாளியே காரணம் என்று எழுதுகின்றார். செக்கைச் சுற்றும் மாடு நெடுந்தொலைவு நடந்தும் ஊர் சேராதது போன்றது இவ்வாராய்ச்சி. பிற்கால ஆய்வாளர் பலர் இதனை மறுத்துரைத்துள்ளனர். ஆயினும் பட்டறையின் அறிக்கைக் கட்டத்தில் 1931 இன்னும் முடியவில்லை.

சட்டம் கேளாத கேள்வி

வியப்புக்குரியது ஒன்றுண்டு. தொழிலாளியின் தவறா என்னும் கேள்வியைச் சமுதாயம் கேட்கும் வேகத்தில் சட்டம் கேட்பதில்லை. சிங்கப்பூரின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரும் தொழிலாளி, முதலாளியின் தவற்றை நிரூபிக்க வேண்டியதில்லை. பணியின் காரணமாகப் பணியின்போது நேர்ந்த காயம் என்றால் போதும். மலேசியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கிய சொக்சோ திட்டமும் அவ்வாறே. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட்டனர்.

சட்டங்கள் கடமையை யார்மீது சுமத்துகின்றன என்பதும் தெளிவு. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், சிங்கப்பூரில் 2006இல் நடைமுறைக்கு வந்த அத்தகைய சட்டமும், ஆபத்தை உருவாக்குபவரே அதனைக் குறைக்கக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கைமீது எழுந்தவை. தொழிலாளியும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அவை கூறுவது உண்மை. ஆனால் பாதுகாப்பான முறை, கருவி, பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை முதலில் அளிக்க வேண்டியவர் முதலாளியே. பாரந்தூக்கிகளுக்கெனச் சிங்கப்பூரில் 2011இல் வந்த விதிகள், தூக்குமுன் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்றும், தூக்குவதை மேற்பார்வையிடவும் வடம் கட்டவும் சைகை காட்டவும் உரியவர்கள் வேண்டும் என்றும் கூறுகின்றன. மலேசியச் சட்டத்தில் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து உண்டென நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி ஏதும் செய்யாதபோது, அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு அளிக்கின்றது. அதே திருத்தம், முதலாளியின் பொதுக் கடமையை மீறுவோர்க்குரிய உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது.

நல்ல சட்டங்கள் இருந்தும் விரல்கள் ஏன் போகின்றன? விலகும் உரிமை தாளில் இருக்கின்றது. "பிடி" என்னும் கட்டளை காதில் இருக்கின்றது. முகவர்க்குக் கொடுத்த பணத்தைக் கடனாகச் சுமந்து வந்தவன், தன் வேலை அனுமதி முதலாளியின் கையில் இருப்பதை அறிந்தவன், "கையை வைக்க மாட்டேன்" என்று கூற எவ்வளவு துணிவு வேண்டும்! அவனிடம் கவனமில்லை என்பது பொய். அவனிடம் மறுக்கும் வலிமை இல்லை என்பதே மெய்.

விரல் போனபின் சட்டம் அதனை அளக்கின்றது. கட்டைவிரலுக்கு ஒரு விழுக்காடு, சுட்டுவிரலுக்கு ஒரு விழுக்காடு, சிறுவிரலுக்கு ஒரு விழுக்காடு. முழு விரலா, ஒரு கணுவா, இரண்டு கணுவா என்று அட்டவணை பிரிக்கின்றது. இழப்பீடு வேண்டியதுதான், அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் சட்டை பித்தானைப் போட முடியாமையும், குழந்தையின் கையைப் பற்றும்போது அது விரலைத் தேடி வியப்பதும், சோற்றைப் பிசையும்போது பந்தியில் இடக்கண்ணால் பிறர் பார்ப்பதும் அந்த அட்டவணையில் இல்லை.

தமிழ் வகுப்பின் பங்கு

இதற்கும் தமிழ் வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று ஆசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு, அது பெருமை தரும் தொடர்பன்று.

'நான் கண்ட விபத்து' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் அரியர். அக்கட்டுரையின் முடிவு எழுதுமுன்பே தெரிந்ததுதான்: கவனமாக இருந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம். அந்த வரிக்கு மதிப்பெண் உண்டு. யார் அவசரப்படுத்தினார், எந்தக் கருவி இல்லை, யார் பார்த்தும் பேசாதிருந்தார் என்று கேட்கும் மாணவனுக்குத் தனி மதிப்பெண் இல்லை. விதியும் கவனக்குறைவும் என்ற இரண்டே காரணங்களை இளமையிலேயே மனத்தில் பதித்துவிட்டு, அம்மாணவன் வளர்ந்து தொழிலாளியாகிக் காயம்படும்போது தன்னையே நொந்துகொள்கின்றான். மேற்பார்வையாளனாகிவிட்டால் பிறனை நோகின்றான். பட்டறை அறிக்கையின் 'காரணம்' என்னும் கட்டத்தை நிரப்பும் கைக்கு அவ்விடையைக் கற்பித்தது வகுப்பறை அன்றோ?

சொல்லின் வறுமையையும் எண்ண வேண்டும். சிங்கப்பூரில் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி தமிழிலும் நடத்தப்படுகின்றது. அது பாராட்டத்தக்கது. ஆனால் பயிற்சி அறையின் தமிழ் பாரந்தூக்கியின் கீழே வருவதில்லை. அங்கே அரைகுறை ஆங்கிலமும் அதட்டலுமே ஆட்சி செய்கின்றன. தமிழில் எஞ்சி நிற்கும் கட்டளை 'பிடி' ஒன்றே. 'கையை எடு', 'விலகி நில்', 'கயிற்றால் இழு', 'இறுகுமுன் நிறுத்து' என்னும் தொடர்கள் தமிழ்தாம். எந்தச் சிறுவனுக்கும் புரியும் தமிழ். எனினும் அவை தொழிலின் கட்டளைகளாக நிலைபெறவில்லை. கலைச்சொல் ஆக்குவதில் வல்ல தமிழறிஞர்கள் கணினியின் உறுப்புகளுக்கெல்லாம் பெயர் சூட்டினர். வடத்துக்கும் இரும்புக்கும் இடையே விரல் நசுங்கும் இடத்துக்கு ஒரு பெயர் ஊரில் வழங்கச் செய்யவில்லை. பெயரில்லாத ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரிப்பது எளிதன்று.

மொழி இல்லாத இடத்தில்கூடக் கையே மொழியாகின்றது என்பதை மாணவர் அறிதல் நலம். பாரந்தூக்கியை இயக்குபவர்க்குச் சைகை காட்டுவது கைதான். சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால் 'ஏற்று'. கீழ்நோக்கிச் சுழற்றினால் 'இறக்கு'. மற்றச் சைகைகளை அதற்குரியவரே காட்ட வேண்டும். 'நிறுத்து' என்னும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் இயக்குபவர் கீழ்ப்படிய வேண்டும் என்பது தொழிலின் மரபு. கூட்டுபவரும் காட்டலாம், நேற்றுச் சேர்ந்தவரும் காட்டலாம். தொழிலாளியைச் சமமாக மதிக்கும் அரிய விதி அது. அவ்விதியை அறியாமலே எத்தனை இளைஞர் அதன் கீழ் நிற்கின்றனர்!

1816இல் பினாங்கில் வேர்விட்ட மலேசியத் தமிழ்க்கல்வி, இன்று 500க்கும் மேற்பட்ட பள்ளிகளாய்க் கிளைத்திருக்கின்றது. அப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் தமிழிலும் கற்பிக்கப்படுகின்றன. 5 மீட்டரை 60ஆல் வகுக்கும் கணக்கைப் பழக்கடையை வைத்துக் கற்பிப்பதுபோல் பாரந்தூக்கியை வைத்தும் கற்பிக்கலாம். ஊசலைக் கற்பிக்கும் ஆசிரியர், தொங்கும் குழாய்க்கட்டும் ஊசல்தான் என்று ஒரு வரி கூறலாம். சிங்கப்பூரில் தமிழ் கற்கும் மாணவருள் பலர் நாளை பொறியாளராகவும் பாதுகாப்பு அதிகாரியாகவும் அமர்வர். அவர்தம் மேசைக்கு வரும் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தால், "காரணம் எங்கே?" என்று திருப்பியனுப்பும் பழக்கத்தை இன்றைய கட்டுரை வகுப்பு அவர்க்கு அளிக்கலாம்.

கட்டைவிரல் கேட்ட ஆசான்

ஏகலைவன் கதையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஆசான் கேட்டார், மாணவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்தான். காலங்காலமாக அக்கதை குருபக்தியின் சிறப்புக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில்தான், விரலைக் கொடுத்தவனின் பெருமையை விட்டுவிட்டு, கேட்டவரின் நியாயத்தைப் பற்றிப் பலர் வினவத் தொடங்கினர். அவ்வினா எழுந்தபின் கதையின் பொருளே மாறியது.

பட்டறையிலும் அவ்வினாவே எழ வேண்டும். கொடுத்தவன் ஏன் கவனமாக இருக்கவில்லை என்று கேட்பது பழைய கதை. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், ஒரு கயிற்றுக்கும் ஐந்து நிமிடத்துக்கும் மாற்றாக விரலைக் கேட்க அவர்க்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பதே புதிய கதை. துரோணராவது ஒருமுறைதான் கேட்டார். பாரந்தூக்கியின் கீழே நாள்தோறும் கேட்கப்படுகின்றது.

தமிழ்ச் சமுதாயம் இந்நாடுகளுக்கு வந்தது கைகளோடுதான். பால்மரம் சீவியதும், தண்டவாளம் இட்டதும், துறைமுகத்தில் மூட்டை சுமந்ததும் அக்கைகளே. அக்கைகளின் உழைப்பில் எழுந்த பள்ளியில் அமர்ந்து, அக்கைகள் நசுங்கும்போது 'கவனக்குறைவு' என்று எழுதப் பழகிக்கொள்வது நன்றி மறத்தலாகும். விரல் நசுங்கிய அறிக்கையில் அச்சொல்லைக் காணும் ஒவ்வொரு தமிழ் ஆசிரியரும், பிழைதிருத்தும் சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டு, பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதட்டும்: கை ஏன் அங்கே இருந்தது? அதனை அங்கே வைக்கச் சொன்னவர் யார்? அங்கே வைக்காமலிருக்க என்ன கொடுக்கப்பட்டது?

இம்மூன்றுக்கும் விடை எழுதப்படும் நாளில் பட்டறைகளில் கயிறும் கோலும் தாமே வந்து சேரும். அதுவரை, 'பிடி' என்று ஒருவர் சொல்லும்போது, "கையை எடுத்துவிட்டேன் அண்ணே, இனித் தூக்குங்கள்" என்று விலகி நின்று கூறும் ஓர் இளைஞனைத் தமிழ் வகுப்பு உருவாக்குமாயின், அதுவே அவ்வகுப்பின் சிறந்த தேர்ச்சி.